கத்துவார்

என் போனில் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது.
‘ஜீரோ கேட் கிரேன்.’
‘எடைமேடை மாதவரம்.’
‘ராத்திரி டயர்.’
‘மணலி யார்டு கத்துவார்.’

குளிர்பெட்டி கன்டெய்னர் ரிப்பேர் என் தொழில்.
தண்டையார்பேட்டையில் ஒற்றை ஷட்டர்,
போர்டில் மதுரவல்லி,
‘வ’வுக்குக் கீழே ஆணித் துரு.

தொழில் வளர ஆள் தெரியணும் என்றார்கள்.
இருநூறு கார்டு அடித்தேன்.
மவுண்ட் ரோடு ஹோட்டலில் சந்திப்பு,
நுழைவு ஆயிரத்து இருநூறு, சமோசா உட்பட.
நாற்பது கொடுத்து முப்பத்தொன்பது வாங்கினேன்.
ஒருவர் மட்டும் ‘கடைசி ஒண்ணுதான் இருக்கு’ என்று
காட்டிவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
மறுநாள் எல்லோருக்கும் வணக்கம் அனுப்பினேன்.
எட்டுப் பேர் கைகூப்பினார்கள்,
மஞ்சள் கையால்.

கார்டுகள் வீண் என்று சொல்லமாட்டேன்.
கன்டென்சரில் மடங்கிய துடுப்புகளை நிமிர்த்த
ஏற்றுமதி மேலாளர் ஒருவருடையது
தடிமன் கச்சிதம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரி வரிசை நகரவில்லை.
உள்ளே பதினாறு டன் இறால்.
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினொன்றாகியிருந்தது.
ரிலே போச்சு. என்னிடம் வேறு இல்லை.
வைத்திருப்பவர் என் போட்டிக்காரர்.
‘மணி என்ன தெரியுமா?’ என்று கத்தினார்.
ரெண்டே கால் என்றேன்.
கத்திக்கொண்டே எக்ஸெல் வண்டியில் வந்தார்,
டிபன் டப்பாவுக்குள் ரிலே,
தயிர்சாத வாசனையோடு.
காசு வாங்கவில்லை.
‘வயரை இப்படியா முறுக்குவாங்க?’
அதற்கும் ஒரு கத்தல்.

தையில் அவர் மனைவி ஸ்டான்லியில் பதினோரு நாள்.
அவர் வேலைகளை நான் பார்த்தேன்,
அவர் பில் புத்தகத்தில், அவர் ரேட்டில்.
என் ரேட்டைவிடக் குறைவு. சொல்லவில்லை.
கஸ்டமர் ஒருவர் என் நம்பர் கேட்டார்.
‘பில்லுலயே நம்பர் இருக்கு, அதுக்கே போடுங்க’ என்றேன்.

புத்தகத்தைத் திருப்பித் தரப் போனால்
ஆளைக் காணோம், யார்டுக்குள் எங்கோ குரல் மட்டும்.
போன் அடித்தேன்.
டூல் பெட்டிமேல் அவர் செல் அதிர்ந்து அதிர்ந்து
ஓரத்துக்கு நகர்ந்தது.
விழுமுன் பிடித்தேன்.
திரையில் நான்:
‘மதுரவல்லி. எடுக்கணும்.’

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
பஸ்ஸில் நின்றபடி,
பதினோரு நாள் பில்லில் எழுதிய பெயரைப்
போனில் ஏற்றினேன்: தேசப்பன்.
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் ‘கத்துவார்’ என்பதை
அழிக்காமல் விட்டேன்.