நேரத்துக்கு ஓர் ஐந்தொகை

காரைக்குடி, கோவிலூர் சாலை ஆய்வகம்.
இரவு இரண்டே கால்.
உமையாள் திரையை விரிக்கிறாள்:
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்,
ஒவ்வொன்றும் ஒரு செயலி பட்ட பாடு.
பச்சை என்றால் வேலை.
சிவப்பு என்றால் காத்திருப்பு.
ஐந்தொகை போட்டால்
வரவில் பத்து, பற்றில் தொண்ணூறு.

"ஜிபியூ போதவில்லை" என்று
நான்கு கோடிக்கு விண்ணப்பம் எழுதியவன் நான்.
போதாமலா?
ஒரு லித்தியம் அயனியை நகர்த்திவிட்டு
சும்மா கிடக்கின்றன,
பந்தியில் உப்பு வைத்தபின்
சோறு வராத இலைகள் மாதிரி.

கருவியையும் முழுசாக நம்பாதே, என்கிறாள்.
அளக்கிற கையும் நேரம் தின்னும்.
ஒன்று விடாமல் பதியச் சொன்னபோது
கோளாறு ஒளிந்துகொண்டது.
நொடிக்கு நூறு முறை மட்டும்
எட்டிப் பார்த்தபோது அகப்பட்டது.
முப்பத்தேழு.
எல்லோரும் முப்பத்தேழுக்காக நிற்கிறார்கள்.

ஏன் என்று திரையில் இல்லை.
சூடு தொண்ணூற்றாறு, வேகம் பாதி,
அவ்வளவுதான்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.
தரையில் குளிர்காற்று வரும் ஓட்டைப் பலகைமேல்
ஓர் அட்டைப்பெட்டி.
என் கையெழுத்து: "பழைய கேபிள். எடுக்காதீர்கள்."

எடுத்தேன்.

மறுபடி ஓடவிட்டோம். சிவப்பு மெலிந்தது,
போகவில்லை.
மிச்சத்தைச் சொடுக்கினாள்.
ஒரு வரி எண் வந்தது, கோப்பின் பெயரோடு.
எழுதியவன் யாரென்று அவள் கேட்கவில்லை.
ராமேஸ்வரம் வண்டி ஊதிக்கொண்டு போனது.
விண்ணப்பத்தைத் திரும்பப் பெற
எந்தப் படிவம் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.