ஆறு விநாடி

காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை என் வேலை இது:
மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாய் கொடுத்து,
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க,
விடாதீங்க, இன்னும், இன்னும்.
கன்னடத்தில் ஊதி, ஊதி. உருதுக்காரர்களுக்குக் கையால் காட்டுவேன்.
ஆறு விநாடி விடாமல் ஊதினால்தான்
திரையில் கோடு ஒழுங்காக இறங்கும்,
நான் கையெழுத்துப் போடுவேன்.

சனிக்கிழமை ராத்திரி நானே ஊதுவேன்.
நீல மெலோடிகா, முப்பத்திரண்டு கட்டை.
யூகேஜி ஆண்டுவிழாவுக்கு மகளுக்கு வாங்கியது,
எச்சில் நாறுதும்மா என்று அவள் போட்டுவிட்டாள்.
குழாய் கழுவ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

லிங்கராஜபுரம். ரயில் பாதையை ஒட்டின மொட்டை மாடி.
ஆளுயரப் பெட்டிகள் நான்கு.
பேஸ் முதலில் காதுக்கு வராது.
முழங்காலுக்கு வரும், சின்டெக்ஸ் தொட்டிக்கு வரும்,
கீழ்வீட்டு எவர்சில்வர் தட்டுகளுக்கு வரும்.
அதன்மேல் நான் வைப்பது மூன்றே சுரம்.
நான்காவது வாசித்தால் டெல்பின் முறைப்பாள்.

ரெக்கேவாக இருக்கும்வரை எங்கள் பாட்டு.
டப் ஆனால் அவளுடையது.
பாடினவனைத் தூக்கி வெளியே வைப்பாள்,
கிடாரை நறுக்குவாள், டிரம்மை அடித்த இடத்திலேயே விடுவாள்.
கடைசி பஸ் போன ஸ்டாப்பில் நிற்கிறவள் மாதிரி
என் சுரம் மட்டும் நிற்கும்.
அப்புறம் ஒரு குமிழைத் திருகுவாள்.
விட்டது திரும்பி வரும்,
வந்தது திரும்பி வரும்,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுக்காகி, கொஞ்சம் தள்ளி.
பொம்மை பியானோ என்று சிரித்தவன்
கண்ணை மூடுவது அங்கேதான்.

பெட்டிகள் செய்தது ஜெய்லானி.
சிவாஜி நகர்ப் பின்சந்து, இருபது வருஷப் பிளைவுட் தூள்.
போன மாதம் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.
இரண்டே முக்கால் விநாடி, அப்புறம் இருமல்.
மூன்று தடவை. மூன்றும் அதே.
'பாஸா, ஃபெயிலா?'
டாக்டர் சொல்வார் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை
மூன்றாம் பெட்டியில் எதுவோ கடகடக்கிறது என்று
ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.
முடுக்கினார். நிமிர்ந்தார். என் கையைப் பார்த்தார்.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.
அமுக்கினது என் மூன்றில் இல்லாத கட்டை.
டெல்பின் முறைக்கவில்லை.
எல்லாவற்றையும் இறக்கினாள், பேஸ் உட்பட.

ஒரு சுரம். நடுங்கின, இரண்டு விநாடிகூட இல்லாத சுரம்.
குமிழ்.
பழக்கதோஷம், எண்ணினேன்:
மூன்று, நான்கு, ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் ஐந்து,
ஆறு தாண்டிவிட்டது, எட்டு, ஒன்பது,
யாரும் ஊதவில்லை, ஊதிக்கொண்டே இருந்தது,
பதினொன்று

மணி பத்து. வீட்டுக்காரர் மெயினைப் பிடுங்கினார்.

எதிரொலிக்குக் கரண்ட் வேண்டும்.
இருட்டில் மிச்சம் இருந்தது
அவருடைய இளைப்பு மட்டும்,
அடிக்கு அடி இல்லாமல், இரண்டு அடிகளுக்கு நடுவில்,
நாங்கள் வருஷக்கணக்காகப் பழகிய அதே இடத்தில்.
அதை ரசித்தேன். ரசித்ததற்காக
இன்னும் கூசுகிறது.

திங்கட்கிழமை மறுபரிசோதனை.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க.
இரண்டரை.
குழாயை வாயிலிருந்து எடுத்த பிறகும்
மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்,
காதைக் கொஞ்சம் சாய்த்து.