ஒரு முழம்

இறக்கையின் நுனிக்கும் சராத் வீட்டு ஜன்னல் கதவுக்கும் நடுவே
ஒரு முழம்.
அந்த முழத்துக்குள் நடப்பதுதான் என் வேலை.
கையில் விளக்கு, காதில் ஓட்டுநரின் மூச்சு:
மெதுவாக. இன்னும் மெதுவாக. நில். வா.

லாங்கோன் படகுத்துறையில் இறங்கி
ஆறு லாரிகளில் வரும் ஒரே விமானம்.
உடல் மூன்று துண்டு, இறக்கை இரண்டு, வால் ஒன்று.
துலூசில் சேர்ப்பார்கள்.
எங்கள் தெருவைக் கடக்கும்போது
அது பறக்கத் தெரியாத வெறும் சாமான்.
முதல் தடவை, தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு
லெவின்யாக் முழுக்க வாசலில் நின்றது.
போகப்போக லுபியாக்கின் நாய் மட்டும்.

விற்பனை எப்படி என்று அறிய
எனக்குப் பத்திரிகை வேண்டாம்.
மாதத்தில் எத்தனை இரவு தூக்கம் கெட்டது
என்று எண்ணினால் போதும்.
நான்கு என்றால் துபாயில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு என்றால் யாரோ யோசிக்கிறார்கள்.

நான்கு இரவு நடந்த காலத்தில்தான் ஹால்வர் ட்வெய்ட் வந்தார்.
எவரெட்டில் எதிர்க் கம்பெனியின் கொட்டகையில்
முப்பது வருடமாக ஆணி அறைபவர்.
விடுமுறைக்குக் கடற்கரை போகாமல்
போட்டியாளரின் இறக்கையைப் பார்க்க
நள்ளிரவில் தபால் நிலையப் படியில் உட்கார்ந்திருந்தார்.
அவருடைய பிரெஞ்சு ஒரு காபி வாங்கப் போதும்,
என் ஆங்கிலம் அதற்குச் சர்க்கரை போட.

"எங்களதுக்கு மாடி பாதி தூரம்தான்," என்றார்,
தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி.
"எங்களதுக்கு வால்வரை," என்றேன்.
ஏதோ நான் கட்டிய மாடி போல.
"இப்போது எங்களதை இழுத்து நீட்டியிருக்கிறோம்.
உலகத்திலேயே நீளம்."
"நீளமாக இருந்தால் வளைவில் திரும்புமா?"
சிரித்தார். பிறகு சிரிக்காமல்,
"உங்களதால் என் தம்பிக்கு வேலை போனது," என்றார்.
என்ன சொல்வது?
சராத் வீடு வந்துவிட்டது. விளக்கை உயர்த்தினேன்.

தொடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.
விதி.
ஆனால் இறக்கை கடக்கையில்
நான் வேறு பக்கம் பார்த்தேன்,
வானத்தை.
அங்கே ஒரு சின்ன வெளிச்சம், சிவப்பு, வெள்ளை, சிவப்பு,
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
"அது யாருடையது?"
அவர் அண்ணாந்தார். கை இன்னும் இறக்கையில்.
"தெரியவில்லை. சின்னது. ரெண்டு இஞ்சின்தான்.
எங்களதாகவும் இருக்கலாம், உங்களதாகவும்."
அவ்வளவுதான்.
இருவரும் அதை விட்டுவிட்டு
நான்கு இஞ்சின் சுமக்கப்போகும் இறக்கைக்குத் திரும்பினோம்.

அப்புறம் மூன்று இரவு. இரண்டு.
ஒரு வசந்தத்தில் ஒன்றுமே இல்லை.
கடைசி ஊர்வலத்துக்கு மறுபடியும் ஊர் திரண்டது.
மேயர் பேசினார், யாரோ அழுதார்கள்,
பல வருடம் எங்களைத் திட்டிய சராத்
ஜன்னலைத் திறந்து கைதட்டினார்,
கதவு கிட்டத்தட்ட இறக்கையில் இடித்திருக்கும்.

இரண்டு குளிர்காலம் கழித்து எவரெட்டிலிருந்து ஒரு உறை.
எங்களதும் முடிந்தது, மேலிஸ்,
கடைசி ஒன்றை வெளியே இழுத்துப் போனார்கள்,
பயணிகளுக்கு அல்ல, சரக்குக்கு.
நானும் கைதட்டினேன், எதற்கென்று தெரியாமல்.
உள்ளே ஒரு ஆணி,
அறையப்படாதது.

விமானத்துக்காக அகலப்படுத்திய சாலை
இப்போது எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது,
இறந்த அண்ணனின் கோட்டைப் போல.
பால்வண்டி நடுவில் போகிறது, சின்னதாக.
மடக்கக் கற்றுக்கொண்ட விளக்குக் கம்பங்கள்
மடங்குவதில்லை.
இரவில் தூக்கம் வராவிட்டால் எழுந்து நடக்கிறேன்,
சுவரிலிருந்து சரியாக ஒரு முழம் தள்ளி.
கால் தானாக அளக்கிறது.

ஹால்வரின் ஆணியை
என் ஜன்னல் கொக்கியில் செருகியிருக்கிறேன்.
பொருந்துகிறது.
கொஞ்சம் தளர்வு. மேல்காற்று அடித்தால்
கதவு இன்னும் ஆடத்தான் செய்கிறது.