மூன்று அறையும் ஒரு திறப்பும்

வந்தாறுமூலையில், கம்பசுக்குப் பின் ஒழுங்கையில்
வளவின் கோடியில் மூன்று அறை கட்டி
வாடகைக்கு விட்டவள் நான்.
மனிசன் கட்டாரில் ஏழு வருசம் வியர்த்தது
கல்லாகி, சீற்றாகி, ஒன்பது கட்டிலாயிற்று.

சட்டம் பதினொன்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
ஒன்பதரைக்கு விறாந்தைக் கம்பிக் கதவு பூட்டு.
அறைக்குள் அயன்பெட்டி ஆகாது.
ஈரத்துணி சன்னலில் தொங்கக் கூடாது.
ஆம்பிளைக் குரல் போனுக்குள்ளும் மெல்ல.
இந்த வரியை மட்டும் பஸ்லியா
உரத்து வாசித்துச் சிரித்தாள்.

எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை.
வீட்டுக்காரிக்கு என்ன சட்டம்?

கள்ளன் பயம்.
சன்னலுக்கெல்லாம் கம்பி அடித்து வெல்டிங் வைத்தேன்.
ஒரே கதவு. ஒரே திறப்பு.
அது என் தலையணைக்குக் கீழே.
பெற்றவர்கள் மன்னாரில், மஸ்கெலியாவில், பொத்துவிலில்
நிம்மதியாக நித்திரை கொண்டார்கள்.
நானும்.

ஆனி மாதம்.
வேப்பிலையைக் கச்சான் சுட்டுக் கொட்டிய இரவு.
நடு அறையில் ஒரு பிளக்கில் நான்கு வயர்.
ரொமில்டா கத்தியதை முதலில்
பூனை என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.
பிறகு புகை மணத்தது.
ஒன்பது பேர் கம்பியைப் பிடித்து உலுப்புகிறார்கள்.
தலையணையை உதறுகிறேன், இல்லை.
பாயைச் சுருட்டுகிறேன், இல்லை.
கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடந்ததை
எத்தனை நிமிசத்தில் எடுத்தேன் என்று
இன்றுவரை ஒருவருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை.

ஒரு மெத்தை, ஒரு புத்தகப் பை,
ரொமில்டாவின் பின்னல் நுனி.
அவ்வளவுதான் என்று ஊருக்குச் சொன்னேன்.

விடிய மேகராசா வந்து கரண்ட் பெட்டியைத் திறந்தார்.
கனநேரம் பேசவில்லை.
ட்ரிப் சுவிச்சைத் தாண்டி
யாரோ முறுக்கி விட்ட வயர்.
"அடிக்கடி விழுகுது எண்டு சொல்லுவீங்களே அக்கா,
விழுறதுதான் அதுட வேல."
யாரோ இல்லை.
பழைய வயர்மனிடம் விழாமல் செய்து தா என்று
தேத்தண்ணி கொடுத்துக் கேட்டவள் நானேதான்.
எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தார்,
மரவள்ளிக் கிழங்கு போலக் கையோடு வந்தது.

மஸ்கெலியாப் பிள்ளையின் தகப்பன் வந்தார்.
முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
மகளின் பெட்டியைத் தூக்கினார்.
ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

செங்கலடிக்குப் போனேன், பிரதேச சபைக்கு.
சோலைவரியைக் கூட்டிவிடுவார்களோ,
தண்டம் அடிப்பார்களோ என்று
வாசலில் இரண்டு தரம் திரும்பினேன்.
உள்ளே இருந்த பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு
"வாடகைக்கு விடுற ஆக்கள் தாமா வந்து கேக்கிறது குறைவு" என்றாள்.
அதற்கே எனக்குக் கண் கலங்கிற்று, ஏனோ.

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார்சைக்கிளில் வந்தார்.
பீலியில் தேங்கிய தண்ணீரைக் காட்டினார்,
கிணற்றுக்கு மூடி கேட்டார்,
கடைசியில் சன்னலண்டை நின்றார்.
"நெருப்புப் பிடிச்சா எதால வெளிய வாற?"
கதவைக் காட்டினேன்.
"கதவு எரிஞ்சா?"

மூன்று மாத வாடகையும் மாதர் சங்கக் கடனும்
அந்தக் கேள்விக்குள் போயிற்று.
அறைக்கொரு சன்னல் கம்பியை அறுத்துப்
பிணைச்சல் வைத்தோம், கொளுக்கி உட்பக்கம்.
எட்டடிக் கம்பியை மேகராசா மண்ணில் இறக்கினார்,
ஈரமணல் பேசாமல் வாங்கிக்கொண்டது.
மனிசன் போனில் கேட்டார், "இவ்வளவு செலவா?"
வயர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.
லைன் நல்லாத்தான் இருந்தது.
நான்தான் கட் பண்ணினேன்.

சட்டத்தாளைப் பஸ்லியா மறுபக்கம் திருப்பி
'வீட்டுக்கார அக்காவுக்கு' என்று தலைப்பிட்டு
ஒன்று என்று இலக்கம் போட்டு
வெறுமையாக விட்டிருக்கிறாள்.

திறப்பு இப்போது அவர்கள் பக்கத்து ஆணியில்.
இரவில் விளக்கணைய முன்
ரொமில்டா சன்னல் கம்பியைத்
திறந்து மூடிப் பார்ப்பாள்.
அந்தக் கிறீச்சென்ற சத்தம் கேட்டபிறகுதான்
எனக்குக் கண் அயரும்.
பிணைச்சலுக்கு எண்ணெய் விடச் சொல்கிறார்கள்.
விடவில்லை.