ஐஸ்காரன் கையெழுத்து

ஐசுக்குள் போன எதுவும்
மறுபடி கண் திறந்து நான் கண்டதில்லை.
கொட்பே துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருடமாய்க் கட்டி உடைத்து
சூரை, பாரை, அறுக்குளா என்று
அடுக்கி அடுக்கி மூடியவன்.

அதனால்தான்,
"உங்கள் மனைவியின் உடம்பைக்
குளிர வைக்கப் போகிறோம்" என்று
டொக்டர் சொன்னதும் பேனையை வாங்கவில்லை.

குருநாகல் பெடியன். புத்தகத் தமிழ்.
"இது ஓர் ஆய்வு.
பலன் நிச்சயம் என்று சொல்ல முடியாது.
மூளைக்கு இரத்தம் போகவில்லை, பசிக்கிறது.
குளிரில் பசி குறையும்.
நாங்கள் நேரம் வாங்குகிறோம்."

நேரம் வாங்குவதா?
இரண்டு கிழமை கடலில் நிற்கும் படகுகள்
என்னிடம் ஏற்றிப்போவது
வேறென்ன?

கையெழுத்து வைத்தேன்.
விரல் ஈரத்தில் மை பரவியது.

திலகேஸின் நெஞ்சிலும் தொடையிலும்
தண்ணீர் ஓடும் பட்டைகள் ஒட்டினார்கள்.
முப்பத்தாறு. முப்பத்தைந்து.
நடுங்கத் தொடங்கினாள்.
நடுக்கம் சூட்டைக் கூட்டுமாம், விடக்கூடாதாம்.
பரீனா மிஸ் ஊசி மருந்து ஏற்றி
கைக்குக் கம்பளி உறை மாட்டினா,
பாதத்தில் சூடான துணி சுற்றினா.
"கை சூடாக் கிடந்தா
உடம்பு ஏமாந்துபோகும் அண்ணன்."

ஒரு மனுசியை இவ்வளவு லேசாய் ஏமாற்றலாம் என்று தெரியாமல்
இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

விடிய நாலு மணிக்கு முப்பத்து மூன்று.
தோளைத் தொட்டேன்.
எனக்குத் தெரிந்த குளிர்.
கையை எடுத்துவிட்டேன்.

விறாந்தையில் மச்சான் மெல்லக் கேட்டான்,
"கன்னியாவில ஐயரிட்டச் சொல்லி வைப்பமோ?"
ஏழு கிணறு, ஏழு சூடு.
முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போகிற இடம்.
வாயை மூடடா என்றேன்.
இந்த ஊரில் வெந்நீர் செத்தவர்களுக்கு.
அப்படியென்றால் குளிர்
யாருக்கு?

திரும்பச் சூடாக்குவது இன்னும் மெல்ல,
மணிக்குக் கால் பாகை.
அவசரப்பட்டால் மூளை வீங்கும்.
கரைவது எனக்கு எப்போதும் நட்டம்.
கரையட்டும் கரையட்டும் என்று
கதிரையில் குந்தியிருந்தது
அன்றைக்குத்தான்.

ஏழாம் நாள்.
வலது கை இன்னும் எழும்பவில்லை.
டொக்டர் என்னைக் காட்டி
"இவர் யார்?" என்று கேட்டார்.
நெடுநேரம் பார்த்தாள்.
உதடு ஒரு பக்கம் இழுபட
"பாரை" என்றாள்.

டொக்டர் குனிந்து எழுதினார்.
பரீனா மிஸ்
சிரிப்பை முகமூடிக்குள் வைத்துக்கொண்டா.

நான்
"ஓம்" என்றேன்.