பதினேழாம் தேதி ராத்திரி

மும்பைக்குள் நான் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறேன்.
மாட்டுங்காவில் மூன்று ஓட்டல், செம்பூரில் இரண்டு,
காட்கோபரில் போன மாதம் திறந்த ஒன்று.
அவற்றின் முகப்பை நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காய மூட்டை,
ஈரச் சாக்கு, கால் வழுக்கும் இரண்டு படி,
அப்புறம் எங்கள் கிரைண்டர்.

கல் கொத்துவேன். பெல்ட் மாற்றுவேன்.
"மேடம், மாவு சுடுது" என்று போன் வந்தால்
கோயம்புத்தூரில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறுவேன்.
தினப்படி எழுநூற்றைம்பது ரூபாய்.
பில் வேண்டும். பில்லில் தேதி வேண்டும்.
கணக்குப்பிரிவு நல்லசிவம் அண்ணன்
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

பகலெல்லாம் உளுந்து.
பெண்கள் பெட்டியில் மேல்கம்பியைப் பிடித்தால்
மணிக்கட்டிலிருந்து புளிப்பு இறங்குகிறது.
ஒருத்தி மூக்கைச் சுருக்கி, பிறகு விரித்து,
"இட்லி?" என்றாள்,
பேர் கேட்பதற்கு முன்னாலேயே.

அதனால் ராத்திரியில் இட்லி தொடுவதில்லை.
வேறு எதுவானாலும் சரி, நடந்துபோய்.
கிர்காவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நாலே மேசை,
இருமல் மருந்து நிறத்தில் சோல்கடி.
குடித்து முடித்து ஒரு நிமிடம்
எனக்கு யாரோடும் சண்டையில்லை.
பெண்டி பஜாரில் எலும்பைத் தட்டில் தட்டி
உள்ளிருந்ததை உறிஞ்சினேன், சத்தமாக.
ஒருவரும் திரும்பவில்லை.
இரானிக் கடையில் பன்னை டீயிலிருந்து
எந்த நொடியில் தூக்குவது என்று
எதிரே இருந்த டிராஃபிக் போலீஸ்காரரைக் கவனித்தேன்.
அவருடையதும் உடைந்து உள்ளே விழுந்தது.

இந்த ஊரில் மேசை யாருக்கும் சொந்தமில்லை.
கால்வாசி இடம் கிடைக்கும்,
உப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பதினேழாம் தேதி கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர்.
நடக்க வழியில்லாமல் வடாலாவில்
கண்ணில் பட்ட கடைக்குள் ஏறினேன்.
எதிரே ஒரு தையல்காரர், கழுத்தில் இஞ்சு டேப்.
மிசல் வந்தது. மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது.
இரண்டாவது வாயில்தான் கேட்டது:
உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம்,
கர்ர், கர்ர், ஒரு டக்.
கர்ர், கர்ர், ஒரு டக்.

கீழ் பேரிங் போய்விட்டது.
இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் மோட்டார் எரியும்.
என் வேலை இல்லை. சாப்பிடு, என்றேன் எனக்கு.
டக்.
சாப்பிடு.
டக்.

எழுந்தேன். தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
என் நாற்காலியில் தன் குடையைப் படுக்கவைத்தார்,
இடம் போகாமல் இருக்க.

முதல்முறையாக முன்பக்கமிருந்து
ஒரு சமையலறைக்குள் போகிறேன்.
"பந்த் கரோ" என்பது எனக்குச் சரளமாக வரும் இந்தி.
மாஸ்டர் ரத்னாகர் மிரண்டுபோய் சுவிட்சை அணைத்தார்.
பார்த்தால், எங்கள் கிரைண்டரே இல்லை.
எதிர்க் கம்பெனி. ஆவாரம்பாளையத்தில்
எங்கள் பட்டறைக்கும் அவர்கள் பட்டறைக்கும் நடுவே
ஒரு டீக்கடைதான்.
அங்கே பேசாத பேச்சில்லை, அந்த மோட்டாரைப் பற்றி.

பையில் பேரிங் ஒன்று இருந்தது.
சுத்தியல் இல்லை, குழவியை வைத்துத் தட்டினேன்.
பத்தேமுக்காலுக்குக் கல் சுற்றியது,
தூங்குகிறவர் மூச்சு மாதிரி.
ரத்னாகர் விரலால் மாவை வழித்துக் காட்டினார்.
அது காலையில்தான் பொங்கும்.
காலையில் நான் ரயிலில்.

திரும்பி வந்தால் மிசல் ஆறி ஆடை கட்டியிருந்தது.
நாற்காலியில் குடை.
தையல்காரர் இல்லை.
வெளியே அப்படியொரு மழை.

ஆறியதைத் தின்றேன். கல்லாவில் காசு வாங்கவில்லை,
காசு வாங்காததால் பில்லும் இல்லை.
குடையை அது படுத்திருந்த இடத்திலேயே விட்டுவிட்டு
லாட்ஜ்வரை நனைந்தேன்.

"ஏனுங்க, பதினேழாந்தேதி ராத்திரி சாப்புடலீங்களா?"
"சாப்பிட்டேண்ணா."
"பில்லு?"
"மழைங்க."
"பேரிங் ஒண்ணு குறையுதே?"
சன்னல் பக்கம் பார்த்தேன்.
எதிர்ப்பட்டறைப் பையன் டீ வாங்கிக்கொண்டிருந்தான்.

பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார் நல்லசிவம் அண்ணன்.
படிவத்தின் மூலையில் ஒரு சிவப்பு எண்ணெய்க் கறை.
அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
அதில் தேதி இல்லை.