ஓரே, ஸெரே

செவ்வாய், வியாழன் மாலை ஆறரைக்கு வகுப்பு.
மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஹீட்டர் தட்டிக்கொண்டே இருக்கிறது
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதைப் போல.

மதாம் மிரேய் பலகையில் இரண்டு கூடை வரைகிறார்.
தின்றது, வாங்கியது, தொலைத்தது, கேட்டது
எல்லாம் 'ஓரே' கூடைக்கு.
வந்தது, போனது, பிறந்தது, செத்தது, விழுந்தது
'ஸெரே' கூடைக்கு.
குனிந்துகொண்டதும் அதிலேதான்.
குனிந்தவள் பெண் என்றால்
வினையின் வாலில் கூடுதலாக ஓர் எழுத்து.
எழுத வேண்டும், ஒலிக்காது.

'ஸி' என்றால் 'ஆல்'.
ஸி நிற்கும் பக்கம் ரே வரக்கூடாது,
வாக்கியத்தின் மறுபாதியில் காத்திருக்க வேண்டும்.

பெஹ்ரூஸ் எழுந்து சொல்கிறார்:
தெரிந்திருந்தால் டிசம்பரில் வந்திருக்க மாட்டேன்.
யாமிலெத் உட்கார்ந்தபடியே:
தெரிந்திருந்தால் அவனைக் கட்டியிருக்க மாட்டேன்.
சிரிப்பு அடங்க நேரமாகிறது.

நான் நோட்டின் ஓரத்தில் பிரித்துப் பார்க்கிறேன்.
வந்து: முடிந்தது.
இருப்பேன்: இனிமேல்.
முடிந்ததன் தலையில் இனிமேலை ஏற்றி
நடக்கவே நடக்காததைச் சொல்லிவிடுகிறோம்,
ஒரே மூச்சில்.
இவர்களோ எதிர்காலத்தின் வேரில்
இறந்தகாலத்தின் வாலைக் கட்டுகிறார்கள்.
சட்டையை உள்வெளியாகப் போட்டதுபோல் இருந்தது.
அதே சட்டைதான்.

அந்த வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.
ஸான் லோரானில் நான் வேலை செய்யும் ஆலை,
ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்து
இஸ்திரி உருளைக்குள் கொடுக்கும் இடம்.
சம்பவ அறிக்கை, மூன்று பக்கம்.
இரண்டாம் பக்கத்தில்
தொழிலாளி கையுறையை 'ஓரே' கழற்ற,
கவனமில்லாமல் 'ஸ ஸெரே' குனிய.
ஒலிக்காத அந்த எழுத்தை மட்டும்
மறக்காமல் போட்டிருந்தார்கள்.

எனக்காக யார் இவ்வளவு வருந்துகிறார்கள்
என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஸி எங்கே என்று தேடினேன்.
தாளைத் திருப்பினேன், உறைக்குள்ளும் பார்த்தேன்.
எங்கும் ஓர் 'ஆல்' இல்லை.

செவ்வாயன்று மதாம் மிரேய் கண்ணாடியைக் கழற்றினார்.
பத்திரிகைக்காரர்கள் இப்படி எழுதுவார்கள் என்றார்.
பார்க்கவில்லை, சத்தியம் செய்ய மாட்டோம்,
ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.
இதைப் பாடத்தில் பிறகுதான் வைத்திருந்தேன் என்றார்.

கழற்றியிருப்பாள்.
பஸ்ஸில் திரும்பும்போது
தமிழ் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
அவள்தான் கழற்றியிருப்பாள், வேறென்ன.
எத்தனை முறை இந்தக் குரலை
இன்னொருத்தியைப் பற்றி நானே பேசியிருக்கிறேன்!
'ஏன்' என்று முடிந்தால் ஏக்கம்.
'ஆள்' என்று முடிந்தால் பழி.

பதிலுக்கு எட்டு வரி.
நவம்பர் நான்காம் தேதி கையுறை கேட்டேன்.
ஒன்பதாம் தேதி கேட்டேன்.
பதினேழாம் தேதி கேட்டேன்.
'நாளைக்கு' என்றார் ஷிப்ட் மேலாளர்.
பதினெட்டாம் தேதி உருளை என் விரல்களை எடுத்தது, இரண்டு.
கழற்றுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.
ஜே தெமாந்தே, ஜே தெமாந்தே, ஜே தெமாந்தே.
இரண்டாவது மாதத்திலேயே படித்த காலம் அது,
கேட்டேன் என்றால் கேட்டேன்.
இரண்டு கூடையையும் தொடவில்லை.

வீட்டுப்பாடம் மட்டும் மிச்சம் இருந்தது.
ஐந்து வாக்கியம், ஸியோடு, ரேயோடு.
நான்கு, புத்தகத்தைப் பார்த்து:
மழை பெய்திருந்தால், ரயில் நின்றிருந்தால்.
ஐந்தாவது:
கையுறை தந்திருந்தால்
இதை வலது கையால் எழுதியிருப்பேன்.

மதாம் மிரேய் சிவப்பு மையில் திருப்பித் தந்தார்.
எழுத்து கோணல். வினை சரி.
பிறகு அந்த முதல் இரண்டு சொல்லை
அவரே அடித்திருந்தார்.